எனக்குப் பதிலாக வாசிக்கப் போகிறவனுக்கு

ரென்னி,
வியாழக்கிழமை என் மணிக்கட்டை அறுக்கிறார்கள்.
ஆறு வாரத்துக்கு பேஸ் உன்னிடம்.

டுலூத்தின் ஜனவரியை உனக்குச் சொல்ல வேண்டாம்.
கிட்டாருக்குத்தான் சொல்ல வேண்டும்.
மைனஸ் இருபத்தாறிலிருந்து மன்றத்துக்குள் வந்ததும்
பெட்டியைத் திறந்துவிடாதே.
அரை மணி நேரம் மூடியே கிடக்கட்டும்.
நீ போய்க் காபி குடி.

ஹீட்டர் காற்றில் மரம் உலரும்.
கழுத்து பின்னால் சாயும்,
தந்திகள் ஃபிரெட்டில் உரசிப் பல்லைக் கடிக்கும்.
கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது,
அதன் சாவி பச்சை உறையில்.
இடப்பக்கம் கால் திருப்பு. நிறுத்து.
ஒரு நாள் பொறு.
முழுத் திருப்பு திருப்பிய ஒருவனை எனக்குத் தெரியும்,
இப்போது டிரம்பெட் வாசிக்கிறான்.

தந்திகளை மாற்றாதே.
பதினோரு வருஷமாகிறது,
பளபளப்பு போய்ப் புத்தி வந்திருக்கிறது.
இடைவேளையில் கேபிளைப் பிடுங்கி வை.
சொருகியே இருந்தால் பேட்டரி
சும்மா உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும்,
நம் ஹார்லன் மாதிரி.

துறைமுகத் தொழிலாளர் மன்றத்து மேடை
உள்ளே வெறும் கூடு.
ஆம்ப்பைப் பலகைமேல் வைத்தால்
கீழ்த் தந்தி ஐந்தாம் ஃபிரெட்டில் மட்டும்
மாடு கத்துவது போல் கத்தும்.
நாற்காலிமேல் வை.
கனம் போதவில்லை என்று தோன்றும்.
குமிழைத் தொடாதே,
கோட் மாட்டும் இடம்வரை நடந்துபோய்க் கேள்.
நம் சத்தத்துக்கு நீளமான கால்,
பக்கத்தில் நிற்பவனுக்கு அது தன்னைக் காட்டாது.

ஹார்லனின் இடது கை
பியானோவில் இறங்கி இறங்கி
நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும்.
சண்டை போடாதே. சும்மா இரு,
ஆளில்லை என்று அதுவே எழுந்து போகும்.

அடியில் மூன்றாம் சுரத்தை வைத்தால் சேறு.
ஆதாரமும் ஐந்தாவதும் போதும்.
கை பரபரத்தால்
அடுத்த கார்டுக்கு ஒரு ஃபிரெட் முன்னால் நின்று
கதவைத் தட்டிவிட்டு நுழை.
உன் விரல் வெண்டெலின் காலோடு விழட்டும்,
கையோடு அல்ல.
அவன் கை பொய் சொல்லும்.
ஸ்னேர் விழும்போது நீ அங்கே இருக்காதே.
தந்தியை அமர்த்துவதும் வாசிப்புதான்,
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

இன்னொன்று.
எல்லோரும் சி மேஜரில் நிம்மதியாக நிற்கும்போது
கீழே ஒரு ஏ வைத்துப் பார்.
யாரும் விரலை அசைத்திருக்க மாட்டார்கள்,
ஆனால் அது மைனராகியிருக்கும்.
ஆடுகிறவர்கள் காலை மாற்றாமலே
வேறு வீட்டில் ஆடுவார்கள்.
ராத்திரிக்கு ஒரு தடவை போதும்.
நான் இரண்டு தடவை செய்த அன்று
கொரீன் பாட்டு நடுவில் அழுதுவிட்டாள்,
அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசி வால்ட்ஸ்.
நாலாவது கட்டத்தில் தாளில் டி இருக்கும்.
நான் வாசிப்பது சி ஷார்ப்.
பத்தொன்பது வருஷத்துக்கு முன்
விரல் விறைத்து ஒரு ஃபிரெட் தவறியது.
கொரீன் அந்த இடத்தில் குரலை வளைத்தாள்.
வெண்டெல் ஒரு தட்டை விழுங்கினான்.
அடுத்த வாரமும் அப்படியே வந்தது.
நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன்,
அவர்கள் கேட்காமல் இருந்தார்கள்.
நீ தாளில் உள்ளபடி வாசித்தால்
மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.
என்ன செய்வாயோ தெரியாது.
ஒரு வாரம் டி வாசித்துத்தான் பாரேன்,
என்ன ஆகிறதென்று எனக்கு எழுது,
இடது கையால் பதில் போடுகிறேன்.

தோள்பட்டை வாரை உன் உயரத்துக்கு நீட்டிக்கொள்,
என் துளைக்கு மையால் அடையாளம் வைத்திருக்கிறேன்.
பெட்ரோல் காசை வெண்டெல் மறப்பான்.
கேட்டு வாங்கு.

மார்லிஸ்