காற்றின் வேகம்: பூஜ்யம்

ஜூலையில் நிரப்பினேன் அந்தப் படிவத்தை.
வெளி வெப்பநிலை: மைனஸ் ஏழு.
ஈரப்பதம்: எண்பத்தைந்து.
காற்றின் வேகம் என்ற கட்டத்தில்
விரல் சற்றே நின்றது.
மத்யாஷ் காபிக்குக் கூப்பிட்டான்.
பூஜ்யம் போட்டுவிட்டு எழுந்தேன்.

வெலெனேயில் எங்கள் அலுவலகத்துக்குள்
காற்று வடிகட்டியிடம் அனுமதி வாங்கித்தான் வரும்.

ஹீட் பம்பை நாற்பது லட்சம் துண்டுகளாக நறுக்கினேன்,
துடுப்புத் தகடுகளின் இடுக்கில் இன்னும் பொடியாக.
இரவெல்லாம் கணினி முனகியது.
பிழைக்கோடு படிபடியாய் இறங்கி
விடியலில் தரையில் உட்கார்ந்தது.
திரையில்
வெளிர்நீலம் நுழைந்து கருநீலமாய் வெளியேறியது.
குளிரிடமிருந்தே களவாடிய சூடு
செப்புக் குழாயில் சிவப்பாய் வீட்டுக்குள் போனது.
அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன்.

ஜனவரியில் விபாவா பள்ளத்தாக்கிலிருந்து அழைப்பு.
"உங்கள் பெட்டி பின்னோக்கிச் சுற்றுகிறது"
என்றார் ஸ்மாகோ பெல்த்ராம்,
மழை தூறுகிறது என்று சொல்வதுபோல.

போய் இறங்கியதும்
கார்க் கதவு கையைப் பிடுங்கிக்கொண்டு போனது.
புர்யா.
வடகிழக்கு மலை தாண்டி விழுகிற காற்று.
வாடை என்று சொல்லிப் பார்க்கலாம்;
வாடைக்கு இத்தனை எடை கிடையாது.
ஓடு பறக்காதிருக்கக்
கூரைகள் வரிசை வரிசையாய்க் கல் சுமந்து நின்றன.
என் நாற்பது லட்சத்தில் ஒரு கல்லும் இல்லை.

விசிறி தலைகீழாய்ச் சுழன்றது.
சுருள் முழுக்க வெண்பனி.
உருக்கி, உறைந்து, மறுபடி உருக்கி,
வட்டி கட்டவே கடன் வாங்குகிறவனைப்போல
சேர்த்த சூட்டையெல்லாம்
பெட்டி தன்மீதே செலவழித்தது.
உள்ளே வித்கா
கோட்டைக் கழற்றாமல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
"பதினான்கு டிகிரி. பழகிவிட்டது."
மன்னிப்பா குற்றச்சாட்டா, தெரியவில்லை.

நான் அளவுக்கருவியை எடுப்பதற்குள்
ஸ்மாகோ கொட்டகையிலிருந்து
பழைய யூகோ காரின் கதவொன்றை இழுத்துவந்தார்.
விசிறிக்கு முன்னால் சாய்த்து வைத்து,
கொஞ்சம் நகர்த்தி,
கல்லால் முட்டுக்கொடுத்தார்.
"இந்தச் சாய்வுதான்."
எப்படித் தெரியும் என்றேன்.
"கோழிக்கூண்டுக்கு வைத்திருந்தேன்."

விசிறி தயங்கியது.
நின்றது.
பிறகு சரியான பக்கம் திரும்பியது.

எழுபது சென்டிமீட்டர் இடைவெளி. முப்பத்தோரு டிகிரி.
கண்ணாடி இறக்கும் கைப்பிடிகூட விடாமல் வரைந்தேன்.
நொடிக்கு முப்பது மீட்டர் காற்றைத் திறந்துவிட்டேன்.
பிழைக்கோடு இம்முறை உட்காரவில்லை,
முள்வேலியில் மாட்டிய துணியாய்ப் படபடத்தது.
"ஒன்றும் தேறவில்லையே" என்றான் மத்யாஷ்.
"அங்கே அப்படித்தான்" என்றேன்.

சுவரிலிருந்த படத்தை எடுக்கவில்லை.
நல்ல படம்தான்,
காற்றே இல்லாத ஓர் ஊருக்கு.

படிவத்தைத் திறந்து
பூஜ்யத்தை மட்டும் அழித்தேன்.
இப்போது அந்தக் கட்டம் காலி.
யாராவது ஒரு காற்றைச் சொல்லாமல்
அடுத்த பக்கம் திறக்காது.