கொதிகலன் ஆற்றுப்படை

அக்ரிபினா,
கூரை ஒழுகும் இசைப் பள்ளியின் தலைவியே,
நான்கு பியானோக்களுக்கும் பிளாஸ்டிக் போர்த்திவிட்டு
நேற்றிரவு எனக்கு போன் செய்தவளே,
நான் போய்வந்த வழியைச் சொல்கிறேன், கேள்.

நூலகத்துக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கொதிகலன்.
பழையது டிசம்பரில் வெடித்தது.
இலாரியோன் மூன்று முறை பற்றவைத்துப் பார்த்துவிட்டுத்
தொப்பியைக் கழற்றினான், சாவு வீட்டில் கழற்றுவதுபோல.
வாசகர்கள் கையுறையோடு படித்தார்கள்.
கையுறைக்கு இரண்டு பக்கம் சேர்ந்தே புரளும்;
கொலைகாரன் யாரென்று தெரியாமலே கதை முடிந்துவிடும்.

கொதிகலனுக்கென்று கொடுப்பவர் உலகத்தில் இல்லை.
ஜெனீவாக்காரர்கள் இளைஞர்களுக்குக் கொடுக்கிறார்கள்.
எங்கள் ஊர் இளைஞர்கள் ஏழு பேர்,
ஐவர் இத்தாலியில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள்.
புக்கரெஸ்ட் வங்கியொன்று புதுமைக்குக் கொடுக்கிறது;
பழைய அறையைப் பழையபடி சூடாக்குவது புதுமையில்லையாம்.
ஹாலந்துத் தம்பதி ஒன்று, நாரைகளுக்கு மட்டும்.
நாரையை நினைத்து ஓர் இரவு தூங்கவில்லை.
எங்கள் புகைபோக்கிமேல் கூடு இருப்பது உண்மை.
கொதிகலன் எரிந்தால் கூடு கருகும், அதுவும் உண்மை.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது
கொடுப்பவனுக்குச் சொன்னது.
கேட்பவளுக்கு நான் சொல்கிறேன்:
கையை அறிந்து பாத்திரத்தை நீட்டு.

முதலில் விண்ணப்பத்தை எழுதாதே.
போன வருடம் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்.
ட்ரோண்ட்ஹைம் அறக்கட்டளையொன்று,
அண்டை வீட்டாரிடையே உரையாடலுக்கென்று,
ஒர்ஹே பக்கத்துப் பாடகர் குழுவுக்குக் கொடுத்திருந்தது.
குழுத்தலைவர் வெனியாமினைக் கூப்பிட்டேன்.
ஆட்டுக்கு மருந்து புகட்டிக்கொண்டே சொன்னார்:
“எந்திரம் என்று எழுதினால் மூடி வைத்துவிடுவார்கள்.
கூடுமிடத்தைச் சீராக்க நூற்றுக்கு முப்பது உண்டு.
எட்டாம் பக்கம், அடிக்குறிப்பு. ஏய், துப்பாதே!”

எட்டாம் பக்கத்து அடிக்குறிப்பில்
என் கொதிகலன் படுத்திருந்தது.

ஆனால் முப்பதை வாங்க
எழுபதைக் கண்டுபிடிக்க வேண்டும், அக்ரிபினா.
ஒன்பது இரவு தைத்தேன், பிரித்தேன்.
தேநீர், நாற்காலி, நடத்துநர் கூலி,
இருபத்தாறு புதன்கிழமைகள்.
குளிர் என்ற இடத்தில் பங்கேற்பின்மை என்று எழுதினேன்.
வெடித்தது என்பதை
உட்கட்டமைப்புப் பின்னடைவு ஆக்கினேன்.
பிறகு வெட்கமாகி அதை மட்டும் பழையபடி வைத்தேன்.
நேர்காணலில் அவர்கள் விசாரித்தது
அந்த ஒரு சொல்லைத்தான்: யாருக்கும் காயமில்லையே?

கெடு நள்ளிரவு என்றால் எந்த ஊர் நள்ளிரவு என்று பார்.
அவர்கள் பன்னிரண்டு நமக்கு ஒன்று.
அந்த உபரி ஒரு மணியில்தான்
நாற்காலியை இரண்டு முறை கூட்டியிருந்தது கண்ணில் பட்டது.

இப்போது எரிகிறது.
எழுதிக் கொடுத்த பாவத்துக்குப் புதன்தோறும் உரையாடல்.
பதினான்கு பேர் வருகிறார்கள், சூட்டுக்குத்தான்.
ஒரு வால்நட் மரத்துக்காகப்
பதினோரு வருடம் பேசாத தனாசேயும் ஸாஹாரியாவும்
ஒரே குழாயில் முதுகு சாய்க்கிறார்கள்.
இன்னமும் பேசவில்லை.
ஐந்தாம் புதனன்று ஒருவர்
சர்க்கரைக் கிண்ணத்தை மற்றவர் பக்கம் தள்ளினார்,
முகத்தைப் பார்க்காமலே.
அறிக்கையில் ‘விளைவுகள்’ என்றொரு கட்டம்,
இருநூறு எழுத்துக்கு மிகாமல்.
சர்க்கரையை அதில் எழுதலாமா, தெரியவில்லை.

நீ ட்ரோண்ட்ஹைமுக்குப் போகாதே.
உன் பிள்ளைகள் ஏற்கெனவே ஓயாமல் பேசுகிறார்கள்,
அது பொய்யாகிவிடும்.
உன் கூரையில் பழைய நாரைக்கூடு இருந்ததே,
இன்னும் இருக்கிறதா? ஏறிப் பார்த்துச் சொல்.
இருந்தால் மட்டும் எழுது.
நாளைக் காலைப் பேருந்தில்
இலாரியோனையும் ஏணியையும் அனுப்புகிறேன்.