பையில் கட்டிய தே

ஜெலுத்தோங் சந்தை முனையில்
இப்போதெல்லாம் நான் குவளையில் தே வாங்குவதில்லை.
உட்கார்ந்து குடித்தாலும் பொங்குஸ்தான்.
பிளாஸ்டிக் பை, சிவப்புக் கயிறு, உறிஞ்சுகுழல்.
பை நடுங்கினால் யாருக்கும் தெரியாது.
பை நடுங்கத்தான் செய்யும்.

முதலில் கண்டுபிடித்தவள் விமலேஸ்வரி.
மகளின் பள்ளிப் பாரத்தில் என் கையெழுத்தைப் பார்த்து
"யார் போட்டது?" என்றாள்.
நான்தான் என்றேன்.
பேனாவை மூடி வைத்தாள்.
மூடி பொருந்துகிற அந்தச் சின்னச் சத்தம்
வீடு முழுக்கக் கேட்டது.

கிளினிக்கில் இளம் டாக்டர், அஸ்லிண்டா.
கைகளை நீட்டச் சொல்லி
புறங்கைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.
தாள் படபடத்தது.
மின்விசிறி, என்றேன்.
எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

பெரியாஸ்பத்திரி நிபுணருக்கு ஒரு கடிதம்.
வியாழன், காலை எட்டு.
மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.
பக்கத்தில் விளைவதல்லவா பக்கவிளைவு?
எனக்கு நட்டநடுவில் விளைந்திருக்கிறது.
பாயான் லெப்பாஸில், பூதக்கண்ணாடிக்கு அடியில்,
எள்ளில் பாதி இருக்கிற சில்லை இடுக்கியால் வைப்பது என் வேலை.
போன மாதம் சியூ என்னை அட்டைப்பெட்டி ஒட்டும் பக்கம் மாற்றினார்.
காரணம் அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.

ஆனால் அந்த மாத்திரைக்கு முந்தைய வருஷம்
பதினோரு இரவு நான் தூங்கவில்லை.
பழைய கஞ்சில் காரில் பாலத்தின்மேல்
தீவுக்கும் கரைக்குமாகப் போனேன், வந்தேன், போனேன்.
பிறையில் எண்ணெய் ஊற்றிய பையனிடம்
கடலை விலைபேசி முடித்துவிட்டதாகச் சொன்னேன்.
முன்பணம் என்று எங்கள் சேமிப்பில் பாதியை எடுத்து
நாற்பது மீன்வலை வாங்கி வந்தேன்.
விமலா அழவில்லை.
வலைகளை எண்ணி அடுக்கினாள்.

பிறகு மாத்திரை வந்தது.
காலையில் ஒன்று, இரவில் இரண்டு.
கடல் விலைக்கில்லை என்று தெரிந்தது.

நிபுணர் அளவைக் குறைப்பார்.
குறைத்தால் கை நிற்கும்.
கை நின்றபிறகு எது ஆடத் தொடங்கும்?
இதைத்தான் அவளிடம் கேட்டேன்,
அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது.
"நடுங்குற கை எனக்குப் போதும்" என்றாள்.
தலை கிள்ளி, குடல் எடுத்து, இன்னும் நாலைந்து மீன்.
"உங்களுக்குப் போதுமான்னு தெரியல."

அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.
கடிதம் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்கியது.
திங்கள் இரவு எடுத்துக் குப்பையில் போட்டேன்.
செவ்வாய் காலை அதே இடத்தில் இருந்தது,
ஓரத்தில் மஞ்சள் கறையோடு.
போட்டதை நான் சொல்லவில்லை. எடுத்ததை அவளும்.

புதன் இரவு உறையின் முதுகில் எழுதிவைத்தேன்,
கோழி கிளறியதுபோல என் எழுத்தில்:
குறைக்காமல் வேறு வழி உண்டா?
குறைத்தால், திரும்பி வருவது
முதலில் எனக்குத் தெரியுமா, அவளுக்கா?
எழுதியபின் பார்த்தால்
ஏற்கெனவே போவதாக ஆகிவிட்டிருந்தது.

வியாழன் ஆறரை.
மேசைமேல் கார் சாவி.
மூன்று வருஷமாக அவள் அதை
அரிசி வாளிக்குள் ஒளித்துவைப்பது எனக்குத் தெரியும்;
தெரியும் என்பது அவளுக்கும்.
சாவியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தது.

துளைக்குள் நுழைக்க மூன்று முறை ஆனது.
பக்கத்து இருக்கையில் அவள்,
மடியில் உறை,
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
கை நீட்டவில்லை.