நட்டக் கணக்கு

என் படிவத்தில் கடவுளுக்கு ஒரு கட்டம் உண்டு.
இடி, வெள்ளம், மண்சரிவு என்றால்
அதில் டிக் அடித்தால் போதும்.
பதினோரு வருடமாக ஏற்காடு மலைப்பாதையில்
நசுங்கிய வண்டிகளுக்கு விலை போடுகிறேன்,
தேய்மானம் கழித்து,
பழைய இரும்புக்குப் போகும் மிச்சமும் கழித்து.

பிரேக் பிடிக்காமல் போவது தெய்வச் செயல் ஆகாது.
இரண்டாம் கியரில் இறங்க வேண்டியவன்
நாலில் இறங்குகிறான்.
லைனிங் கருகும் வாசனை
காப்பித் தோட்டம் வரை வருகிறது.
பிறகு மிதித்தால் பெடல்
சேற்றில் வைத்த கால்போல் உள்ளே போய்விடும்.

பதினாலாம் வளைவில்
நெடுஞ்சாலைத் துறை ஒரு பலகை வைத்தது:
இங்கு பத்து நிமிடம் நிறுத்தி
பிரேக்கை ஆறவிடவும்.
ஒருவரும் நிறுத்தவில்லை.
குரங்குகள் அதன்மேல் உட்கார்ந்து பேன் பார்த்தன.

ஒரு மழை முடிந்து போனபோது
பலகையின் காலடியில் கல்.
யார் நட்டதென்று தெரியாது.
மஞ்சள், குங்குமம், ஒரு எலுமிச்சை.

நின்றார்கள்.
சில்வர் ஓக் ஏற்றிய லாரி நின்றது.
தேனிலவு ஜோடியின் வாடகைக் கார் நின்றது.
தஸ்தகீர் பாய் மிளகு வண்டியை ஓரங்கட்டி,
"எல்லாரும் நிக்கிறாங்களேன்னு நின்னேன்" என்றார்.
கற்பூரம் எரிந்து அணைய நாலு நிமிடம்,
சிதறிய தேங்காய் பொறுக்கித் தின்ன மூன்று,
வெள்ளையன் கடையில் டீ ஆற மூன்று.

மூன்று வருடம்
பதினாலுக்குக் கீழே எனக்கு வேலை இல்லை.
அதை எழுதக் கட்டம் இல்லை.
நடக்காத விபத்துக்கு யார் கிளெய்ம் போடுகிறார்கள்?

நான் கும்பிடுகிறவள் அல்ல.
அப்பாவைக் காக்காயன் சுடுகாட்டில் இறக்கி வைத்த அன்று
"பொம்பளை கொள்ளி வைக்கக் கூடாது" என்று
கேட்டருகே என்னை நிறுத்தினார்கள்.
பலகை ஏதும் இல்லாமலே
நானும் நின்றேன்.

கல்லுக்குத் தகரக் கூரை வந்தது.
கூரைக்கு உண்டியல்,
உண்டியலுக்குக் கமிட்டி,
கமிட்டிக்கு ஒரு சாவி, அதற்கு இரண்டு கோஷ்டி.
வெள்ளையன் கடை பக்கத்தில் இருப்பது தீட்டு என்று
ரோட்டின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.
கிரில் கம்பி நாலடி சாலைக்குள் இறங்கியது.
அளக்க வந்த என்ஜினீயர்
சூலத்தைப் பார்த்துவிட்டு
டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்
ஏறி வந்த பள்ளி வேனும்
இறங்கி வந்த செங்கோடனின் லாரியும்
அந்த நாலடி இல்லாத இடத்தில் சந்தித்தன.
செங்கோடன் நிறுத்தி, சூடம் ஏற்றி,
முழுதாக ஆறவிட்டுக் கிளம்பியவன்.
டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன்.
லைனிங்கில் ஒரு கருகல் இல்லை.

பிள்ளைகளை ஜன்னல் வழியாக இழுத்தது வெள்ளையன்.
அவன் கடைக் குடத்துத் தண்ணீரைக்
கமிட்டிச் செயலாளர் தன் கையால் புகட்டினார்.
அந்த ஒரு மணி நேரம் தீட்டு எங்கே போயிருந்ததோ.
கடை இன்னும்
அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.
நிவேதிதா என்ற ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு
முழங்காலுக்குக் கீழே இல்லை.
அதற்கு ஒரு அட்டவணை உண்டு, விலையோடு.

'காரணம்' என்ற வரியைக் காலியாக வைத்தபடி
மாலையில் ஸ்கூட்டரில் இறங்கினேன்.
பதினாலில் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன்.
கீழே சேலம் ஒவ்வொரு தெருவாக விளக்குப் போட்டுக்கொண்டது.
கருப்பூர்ப் பக்கம் தோண்டிய வெள்ளை மண்
கடைசியாக இருண்டது.
வளைந்த கிரில்லில் யாரோ புது மாலை மாட்டியிருந்தார்கள்.

"கும்பிடலீங்களா?" என்றான் ஒரு ஆட்டோக்காரன்.
"வண்டி ஆறட்டும்னு நிக்கிறேன்."
"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சைலன்சர் குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது,
இருட்டில்,
டிக், டிக் என்று.