ஒரு மூட்டை குறைவு

நீடாமங்கலம் தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை நிழல் பதினோரு மணிக்குச் சுருங்கிவிடும்.
அதற்குள் காத்தாயியின் மனுவை முடித்தாக வேண்டும்.

நில உடைமையாளர் பெயர் என்றேன்.
"அவுகன்னு எழுதக் கூடாதா?"
கூடாது.
சர்வே எண் தெரியாது.
கோரையாற்று மதகிலிருந்து மூன்றாவது வரப்பு,
மழைக்கு முதலில் முழுகும், கடைசியில் வடியும்,
ஆறு மா.
எத்தனை வருசமாய்?
"மூத்தவன் வயித்துல இருக்கயில எறங்கினது."
மூத்தவனுக்கு வயது கேட்டு
இருபத்தாறு என்று எழுதினேன்.

குத்தகை கொடுத்ததற்கு ரசீது?
சிரித்தாள்.
நெல் போகும். லாரிக்காரன் தலையாட்டுவான்.
அதுதான் ரசீது.

போன தையில் சாய்ந்த கதிர்
வயலிலேயே முளைத்துவிட்டது.
நிவாரணப் பணம் வேளச்சேரிக்குப் போனது,
அடங்கலில் இருந்த பெயரைத் தேடிக்கொண்டு.

சொந்த உடலுழைப்பில் சாகுபடி செய்கிறாரா
என்று ஒரு கேள்வி.
செருப்பைக் கழற்றி
விரலிடுக்குச் சேற்றுப்புண்ணைக் காட்டினாள்.
"ஆம்" என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தில் அவ்வளவுதான் இடம்.

ஆதாரம் ஏதும் உண்டா, எதுவானாலும்?
உரச்சாக்குப் பையைத் தரையில் கவிழ்த்தாள்.
ரேஷன் கார்டு, பக்கிரிசாமியின் இறப்புச் சான்று,
மாரியம்மன் கோயில் விபூதிப் பொட்டலம்,
நாலாய் மடிந்த ஒரு இன்லாண்ட் லெட்டர்.
படிக்கத் தெரியாது,
அவர் பேருக்கு வந்த ஒரே தபால் என்று வைத்திருக்கிறாள்.

'பக்கிரிசாமிக்கு,
இந்தப் போகம் குத்தகை நெல்லில்
ஒரு மூட்டை குறைகிறது.
அடுத்த போகத்தில் சேர்த்து அளக்கவும்.'
கீழே தேதி. முழுக் கையெழுத்து.
முத்திரை கூட அழியவில்லை.

இரண்டாம் முறை படித்தேன், சத்தமாக.
"திட்டுறாரா?"
ஆமாம்.
அந்த மூட்டைக்காகத் தாலிக்குண்டை
அடகு வைத்த கதையை ஆரம்பித்தாள்.
நான் கேட்கவில்லை.
'இணைப்பு: ஒன்று' என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தேன்.

அஞ்சு ஜெராக்ஸ் எடு.
அசலை யார் கேட்டாலும் காட்டு, கொடுக்காதே.
தாசில்தார் கேட்டாலும்.

அறுபது ரூபாய் கேட்டேன். ஐம்பதுதான் இருந்தது.
பத்து குறைகிறது என்று
நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

எழுந்தவள் திரும்பி வந்தாள்.
"அவுகளுக்கு நோட்டீசு போகுமா?"
போகும்.
"எம் பேருலயா?"