விசிறி போடாத பதினோரு நாள்

ஜாலான் சுல்தான் ஜவுளிக் கட்டடத்தில்
கடைக்காரர் கேட்டார், திரைச்சீலைக்கா?
இல்லை என்றேன்.
அப்புறம் எதற்கு ஒரே துணி, நாலு மீட்டர்?
பதில் நீளம். அவருக்குக் கடை மூடும் நேரம்.
"கேன், கேன்" என்றபடி அளந்து கிழித்தார்.

அழகான துணி என்று சொல்ல மாட்டேன்.
கடுகு நிறத்தில் ஒரு கருநீல மீன்கொத்தி,
தக்காளிச் சிவப்பில் பெயர் தெரியாத பூ,
அறுபது சென்டிமீட்டர் தள்ளி
மறுபடி அதே மீன்கொத்தி, அதே பூ.
மைமூன் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"எங்க பஸ் சீட்டுத் துணி மாதிரியே இருக்கு."
ஓட்டுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆறு துண்டு. ஒன்றன்மேல் ஒன்று.
மேலே உள்ள அலகு நுனியில் இறங்கும் ஊசி
ஆறாவது அலகு நுனியில் வெளிவர வேண்டும்.
ஒரு நூலிழை பிசகினாலும்
பூ கோணிக்கொள்ளும்.
வெள்ளிக்கிழமை முழுக்க
குண்டூசியைக் குத்துவதும் பிடுங்குவதும்.

பிறகு உருட்டுக் கத்தி.
அறுபது பாகையில் சாய்த்து வெட்ட
முக்கோணங்கள் ஆறு ஆறாகக் கழன்று வந்தன.
பறவை போயிற்று.
எந்த முனையை நடுவில் வைப்பது என்பதுதான் எல்லாம்:
ஒரு முனைக்குச் சக்கரம், ஒரு முனைக்கு நட்சத்திரம்,
இன்னொன்றுக்கு, சத்தியமாக, ஒரு தட்டு முறுக்கு.
ஒரே ஒரு அறுகோணத்தில் மட்டும்
ஆறு கண்கள் ஒன்றையொன்று முறைத்தன.
அதை ஓரத்துக்குத் தள்ளினேன்.

மும்மூன்றாகத் தைத்து இரு பாதிகளாக வைத்தேன்.
எண்பத்தைந்து அறுகோணம், நூற்றெழுபது பாதி,
கூடத்துத் தரை முழுக்க.
விசிறி போட்டால் பறக்கும்.
எனவே போடவில்லை.

ஆறு என்பது எண்.
ஆறு என்றால் ஓடுவது.
கொதிக்கிற தேநீரிடம் சொன்னாலும் ஆறுதான்.
மே மாதம், யீஷூன், பதினான்காம் மாடி,
எதுவும் ஆறவில்லை.
மைமூன் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நடந்து
சமையலறைக்குப் போய் வந்தாள், நண்டு மாதிரி.
"இது முடியிற வரைக்கும் நான் டிப்போவிலேயே தூங்குறேன்.
அங்க ஏர்கான் இருக்கு" என்றாள்.
பாதி விளையாட்டு.
மற்றப் பாதியை நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் விடியுமுன் நாலு மணி.
முதல் பேருந்துக்குக் கிளம்பினாள்.
புழுக்கம் தாங்காமல் நான் திறந்து வைத்த சன்னல் அந்தப் பக்கம்,
அவள் திறந்த வாசல் இந்தப் பக்கம்.
சுமத்ராவில் கிளம்பி நீரிணை தாண்டி வந்த காற்றுக்கு
எங்கள் கூடம் ஒரு குறுக்குவழி.

நான் எழுந்து வந்தபோது
சீருடையில் மண்டியிட்டிருந்தாள்,
இரண்டு கையிலும் துணி,
மழை உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.
பக்கத்து வீட்டு மேடம் கோவின் பாண்டான் தொட்டியில் ஏழு.
செருப்பு அடுக்கில் நாலு.
மின்தூக்கி வாசலில் ஒன்று, அந்த ஆறு கண்.
"நான் கதவைத்தான் திறந்தேன்" என்றாள்.
"நான் சன்னலைத்தான் திறந்தேன்" என்றேன்.
அவளுக்கு நேரமாகிவிட்டது.

கைப்பேசியில் ஒரு படம் இருந்தது.
முந்தின இரவு, நாற்காலிமேல் ஏறி எடுத்தது.
அதைப் பார்த்துப் பார்த்து
வரிசை வரிசையாகத் திரும்ப அடுக்கினேன்,
விசிறியை முழு வேகத்தில் வைத்து,
ஒவ்வொரு பாதிக்கும் ஒரு கரண்டி, ஒரு கிண்ணம்,
தீர்ந்தபின் அவளுடைய பழைய சில்லறைக் காசு.

கீழ் இடது மூலை மட்டும் வரவில்லை.
படத்தில் அந்த இடத்தில் மைமூனின் பாதம்.
தண்ணீர் குடிக்கப் போனவள் மிதித்திருக்கிறாள்,
ஐந்து விரலும் தெளிவாக.
மூன்று அறுகோணம் அதற்கு அடியில்.

மாலையில் வந்ததும் கேட்டேன்,
உன் காலுக்குக் கீழே என்ன இருந்தது?
தலையங்கியைக் கழற்றினாள், யோசித்தாள்.
"குளுகுளுன்னு இருந்துச்சு" என்றாள்.
"அதான் கொஞ்ச நேரம் நின்னேன்."