தோன்றா எழுவாய்

ஹமமட்சு சமூகக் கூடத்தின் மூன்றாம் மாடி.
செவ்வாய் இரவு, இலவச ஜப்பானிய வகுப்பு.
வாசல் அடுக்கில் என் ஆலைக் காலணி மட்டும்
இரும்பு மூக்கோடு துருத்திக்கொண்டு நிற்கும்.

பாடம் ஒன்று, வரி ஒன்று:
வத்தாஷி. 'நான்' என்று தொடங்குங்கள்.
தொடங்கினேன். ஜுராசி, பிரேசில், நாற்பத்தோரு வயது,
கார் இருக்கைக்கு உறை தைக்கும் வேலை.
அதுவரை சிக்கலில்லை.

பத்தாம் வாரம் மற்ற 'நான்'கள் வந்தன.
பையன்கள் பொகு என்பார்கள்,
முரட்டு ஆண்கள் ஒரெ,
பெண்கள் சிலர் கொஞ்சலாக அத்தாஷி.
பலகையின் நடுவே கோடு கிழித்து
இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு.
ஆசிரியர் ஹிராட்சுகா என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்,
தபால் நிலையச் சீருடையோடே ஓடி வருகிறவர்.
சுண்ணக்கட்டியை நீட்டி
'ஜுராசி-சான், உங்களுடையது எது?' என்றார்.
கேள்வியில் விஷமம் இல்லை.
வியட்நாம்காரர் ஒருவர் தும்மினார்.
கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்துவிட்டு
உட்கார்ந்தேன்.
தூசி என்று நினைத்து யாரோ அதைத் துடைத்தார்கள்.

எங்கள் மொழியில் நன்றி சொல்வதற்கே
ஆணா பெண்ணா என்று முடிவெடுத்தாக வேண்டும்.
கேட்கிறவர் அல்ல, சொல்கிறவர்.
ஒப்ரிகாது என்றால் ஆண். ஒப்ரிகாதா என்றால் பெண்.
லொண்ட்ரினாவின் ரொட்டிக் கடையில்
கடைசி எழுத்தை விழுங்கி விழுங்கியே
வளர்ந்தேன்.
நன்றிகெட்ட பிள்ளை என்று அம்மா கிள்ளுவாள்.

இங்கே அரிகாத்தோ.
முழுசாகச் சொல்லலாம், வால் இல்லை.
வந்த முதல் மாதம்
கடையில், பேருந்தில், தானியங்கிக் கதவுக்குக்கூடச்
சொல்லித் தீர்த்தேன்.
அந்த மொழியா இப்போது
'நான்' என்ற இடத்தில் வழிமறித்து நிற்கிறது?

பிறகுதான் கவனித்தேன்.
இவர்கள் பாதி நேரம் 'நான்' சொல்வதே இல்லை.
சாப்பிட்டாச்சு. குளிச்சாச்சு.
யார் என்று வினைச்சொல் காட்டிக்கொடுக்காது.
இரண்டு மழைக்காலம் அப்படியே ஓட்டினேன்,
விளக்குப் போடாமல்
சொந்த வீட்டில் நடமாடுகிறவர் போல.
'உங்கள் பேச்சு இயல்பாகிவிட்டது'
என்று மேற்பார்வையாளர் பாராட்டினார்.
ஒளிந்திருப்பதும் ஒரு வேலை,
அதற்குக் கூடுதல் நேரக் கூலி கிடையாது.

பல் மருத்துவமனைப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு
பல்லோடு திரும்பி வந்தேன்.

அகராதியில் ஒரு நாள் ஜிபுன் கிடைத்தது.
தான் என்று பொருள்.
விளையாட்டு வீரர்கள், சிப்பாய்கள் 'நான்' என்பதற்குச் சொல்வதாம்.
கொஞ்சம் விறைப்பு. இருக்கட்டும்,
புதுச் சட்டையும் விறைப்பாகத்தான் இருக்கும்.
தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு உள்ளே
யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பழகினேன்.

நவம்பரில் சரக்கு வண்டி ஓட்ட வந்தாள்
ஒசாகா பக்கத்து நிஷிவாகி.
இடைவேளையில் காப்பி டப்பாவை என் பக்கம் உருட்டி
'ஜிபுன், எந்த ஊர்?' என்றாள்.
தூக்கிவாரிப் போட்டது.
என் சொல்லை இவளிடம் யார் கொடுத்தார்கள்?
அவள் ஊரில் ஜிபுன் என்றால் 'நீ'யாம்.
எனக்குள் வைத்துத் தேய்த்த சொல்
இன்னொரு வாயிலிருந்து என்னைக் கூப்பிடுகிறது,
கோட்டின் எந்தப் பக்கம் என்று கேட்காமல்.

'ஜிபுன், லொண்ட்ரினா' என்றேன்.
'நானா? நான் சகாய்' என்றாள், வேண்டுமென்றே.
இருவரும் சிரித்தோம், அவள் காப்பி சிந்தும் அளவுக்கு.
டப்பா இன்னும் சுட்டது.
அரிகாத்தோ சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் மணி அடித்துவிட்டது.